ரஷ்யச் சிறுமிகளின் குவாட் தாவல்களும் புள்ளிக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரஷ்யப் பெண்களின் ஃபிகர் ஸ்கேட்டிங் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ரஷ்யச் சிறுமிகளை மட்டுப்படுத்தத்தான் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் விதிகளை அடுத்தடுத்து மாற்றியது என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. சங்கத்தின் நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும், விளைந்தது வேறு. 2018இல் வந்த புள்ளி விதிகள் அந்தச் சிறுமிகளைக் குவாட் என்னும் நான்கு சுற்றுத் தாவலின் பக்கம் இன்னும் வேகமாகத் தள்ளின. குழந்தைகளின் உடம்பைத் தொட்ட விதி 2022இல் வந்த வயது விதி ஒன்றுதான். இதைப் புள்ளிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச முடியும் என்பதால் கடிதம் சற்று நீளும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் தென் கொரியாவின் பியாங்சாங். அங்கு நடந்த 2018 ஒலிம்பிக்கில் ரஷ்யர்களான 15 வயது அலினா ஜாகிடோவா 239.57 புள்ளியும் எவ்கேனியா மெட்வெடேவா 238.26 புள்ளியும் பெற்றார்கள். நீண்ட நிகழ்ச்சியான ஃப்ரீ ஸ்கேட்டில் இருவருக்கும் ஒரே புள்ளி: 156.65. தங்கத்தைத் தீர்மானித்த 1.31 புள்ளி முழுவதும் குறுகிய நிகழ்ச்சியான ஷார்ட் புரோகிராமில் வந்தது. அன்றைய விதிப்படி, நிகழ்ச்சியின் இரண்டாம் பாதியில் செய்யும் ஒவ்வொரு தாவலுக்கும் அதன் அடிப்படை மதிப்பில் (புள்ளிப் பட்டியலில் அந்தத் தாவலுக்கு முன்கூட்டியே வகுத்த புள்ளியில்) 10 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். கால் சோர்ந்த பிறகு தாவுவது கடினம், அதற்கான ஈடு அது. ஜாகிடோவா ஃப்ரீ ஸ்கேட்டின் ஏழு தாவல்களையும் இரண்டாம் பாதியில் வைத்தார். முதல் இரண்டு நிமிடம் சுழல்களும் காலடி வரிசைகளும் மட்டும். விதியை மீறியதாக யாரும் சொல்ல முடியாது. பார்ப்பவர்களுக்கு நிகழ்ச்சி ஒரு பக்கம் சாய்ந்த தராசுபோலத் தெரிந்தது, அவ்வளவுதான்.

அந்த நிகழ்ச்சியின் உச்சம் ட்ரிபிள் லட்ஸும் ட்ரிபிள் லூப்பும் சேர்ந்த இணைத்தாவல். (ட்ரிபிள் என்றால் மூன்று சுற்று. லட்ஸ், லூப், ஃபிளிப், சல்கோ, டோ லூப், ஆக்ஸல் என்பவை பனியிலிருந்து எழும் விதத்தால் வேறுபடும் தாவல் வகைகள்.) லூப்பை இரண்டாவது தாவலாகச் செய்வது ஏன் அரிது என்றால், அதற்கு ஸ்கேட் பிளேடின் முன்பல்லை ஊன்றும் உதவி கிடையாது. லட்ஸ் முடிந்து பிளேடின் எந்த விளிம்பில் இறங்கினாரோ அதே காலின் அதே விளிம்பிலிருந்து எழ வேண்டும். இறங்கும்போது இடுப்பு கொஞ்சம் திறந்துவிட்டாலும் இரண்டாவது தாவலின் சுற்று குறைந்துவிடும். அன்றைய மதிப்பில் லட்ஸுக்கு 6.0, லூப்புக்கு 5.1. கூட்டினால் 11.1, இரண்டாம் பாதியின் 10 சதவீதத்தோடு 12.21. ஒரு தாவல் வாய்ப்பில் இவ்வளவு கிடைத்தபோது குவாட் இல்லாமலே ஒலிம்பிக் தங்கம் வெல்ல முடிந்தது.

2018 ஜூனில் செவில் நகரில் கூடிய சங்கத்தின் மாநாட்டுக்குப் பிறகு இந்தக் கூடுதல் சுருங்கியது. ஷார்ட் புரோகிராமில் கடைசி ஒரு தாவலுக்கும் ஃப்ரீ ஸ்கேட்டில் கடைசி மூன்று தாவல்களுக்கும் மட்டுமே 10 சதவீதம். இதனால் ஒருவருக்கு எவ்வளவு இழப்பு என்று பாருங்கள். ஏழு தாவல்களின் அடிப்படை மதிப்பு மொத்தம் 50 என்று வைத்துக்கொள்வோம். பழைய விதியில் கூடுதல் 5 புள்ளி வரை கிடைத்திருக்கும். புதிய விதியில் கடைசி மூன்றின் மதிப்பு 22 என்றால் 2.2 கிடைக்கும். இழப்பு 2.8. ட்ரிபிள் லட்ஸுக்குப் பதிலாகக் குவாட் லட்ஸ் ஒன்று செய்தால் அடிப்படை மதிப்பு 5.9இலிருந்து 11.5 ஆகிறது, 5.6 புள்ளி லாபம். இழந்ததைப்போல இருமடங்கை ஒரே தாவலில் மீட்டுவிடலாம். பயிற்சியாளர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் இருந்திருப்பார்களா?

அதே ஆண்டு மார்ச்சில், சோஃபியாவில் நடந்த உலக ஜூனியர் போட்டியில், 13 வயது அலெக்சாண்ட்ரா ட்ருசோவா குவாட் சல்கோவும் குவாட் டோ லூப்பும் செய்து முடித்திருந்தார். விதி மாறுவதற்கு முன்பே பாதை போட்டாகிவிட்டது. விதி அந்தப் பாதைக்கு லாபத்தைக் கூட்டியது.

2018இன் அடுத்த பெரிய மாற்றம் தர மதிப்பெண். ஒவ்வொரு கூறுக்கும் அடிப்படை மதிப்பின் மேல் நடுவர்கள் கூட்டியோ குறைத்தோ போடுவது இது. முன்பு −3 முதல் +3 வரை இருந்தது −5 முதல் +5 வரை ஆனது. ஒரு படிக்கு அடிப்படை மதிப்பில் 10 சதவீதம். கூடவே குவாட்களின் மதிப்பும் குறைந்தது. லட்ஸ் 13.6இலிருந்து 11.5, ஃபிளிப் 12.3இலிருந்து 11.0, சல்கோ 10.5இலிருந்து 9.7, டோ லூப் 10.3இலிருந்து 9.5. மூன்றரைச் சுற்றுள்ள ட்ரிபிள் ஆக்ஸல் 8.5இலிருந்து 8.0.

இந்த மாற்றம் நியாயமானது, இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். பழைய கணக்கில், குவாட் லட்ஸ் முழுச் சுற்றும் சுற்றிவிட்டு விழுந்தால் 13.6இலிருந்து தரத்துக்காக 4.0, விழுந்ததற்காக 1.0 கழிந்து 8.6 மிஞ்சும். குறையே இல்லாமல் செய்த ட்ரிபிள் லட்ஸுக்குக் கிடைத்த உச்சம் 8.1. பனியில் விழுந்து எழுந்தவருக்கு, அப்பழுக்கில்லாமல் தாவியவரைவிட அதிகப் புள்ளி. புதிய கணக்கில் விழுந்த குவாட் லட்ஸுக்கு 11.5 − 5.75 − 1 = 4.75தான். மிகச் சிறந்த ட்ரிபிள் லட்ஸுக்கு 8.85. சுற்று கால் பங்குக்கு மேல் குறைந்து விழுந்தால், 2020இல் வந்த கணக்குப்படி, அடிப்படை மதிப்பே 80 சதவீதமாகி 9.2 ஆகும், அதிலிருந்து 4.6, பிறகு 1 கழிந்து 3.6 மிஞ்சும். அரைச் சுற்று அல்லது அதற்கு மேல் குறைந்தால் அது ட்ரிபிளாகவே எண்ணப்படும், கையில் நிற்பது 1.95. ஒரு டபுள் ஆக்ஸலின் 3.3கூட இல்லை.

விழுபவர்களை இந்த விதி தண்டித்தது சரி. விழாதவர்களுக்கு? குவாட் லட்ஸை +3 தரத்தில் இறக்கினால் 14.95. ட்ரிபிளில் எட்ட முடியாத இடம் அது. அதனால் விதி சொன்ன செய்தி 'குவாட் வேண்டாம்' என்பதாக இல்லை, 'குவாட்டை விழாமல் செய்' என்பதாக இருந்தது. விழாமல் செய்ய வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்பப் பழக வேண்டும். உடம்பு மெலிந்து, இடுப்பு குறுகி, எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் 12, 13 வயதில்தான் அப்படிப் பழக முடிகிறது. ரஷ்ய ரசிகர்கள் 'அல்ட்ரா-சி' என்று சொல்லும் குவாட்களும் ட்ரிபிள் ஆக்ஸலும் அந்த வயதுக்குரியவையாக ஆனதற்குக் காரணம் இந்த உடற்கணக்கு.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், கட்டுரையில் இது இல்லை. தாவியவர் காற்றில் இருக்கும் நேரம் வினாடியில் முக்கால் பங்குகூட இல்லை. அதற்குள் நான்கு சுற்று முடிய ஒன்று உயரம் வேண்டும், இல்லையென்றால் சுழல் வேகம் வேண்டும். ஆண்கள் தசை வலுவால் உயரம் எடுக்கிறார்கள். சிறுமிகள் பெரும்பாலும் வேகத்தை நம்புகிறார்கள். கைகளை மார்போடு இறுக்கி, கால்களைப் பின்னி, உடம்பை ஒரு கோல்போல ஆக்கினால் சுழல் கூடும். சுழலுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு, எடை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அந்தத் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். ஆகவே தோளும் இடுப்பும் சில சென்டிமீட்டர் அகன்றாலும் அதே உந்துதலில் சுற்று குறைகிறது. முன்பு சரியாக இறங்கிய தாவல் இப்போது கால் சுற்று முன்னதாகவே பனியைத் தொடுகிறது. அந்தக் குறையை மறைக்கச் சிலர் பனியில் இருக்கும்போதே உடம்பைத் திருப்பத் தொடங்குகிறார்கள். அப்போது இடுப்பும் முதுகும் ஏறுக்குமாறாக முறுக்கிக்கொண்டு நிற்கும். இறங்கும்போதோ உடல் எடையின் பல மடங்கு விசை ஒற்றைக் காலில் விழுகிறது. முதுகும் முழங்காலும் கணுக்காலும் சீக்கிரம் பழுதாவது இதனால்தான். சோம்பலோ மன உறுதிக் குறைவோ இதற்குக் காரணம் என்று எழுதுவது பெரும் அநீதி.

சின்னதாக இன்னொரு மாற்றமும் 2018இல் வந்தது. ஒரு கையையோ இரு கைகளையுமோ தலைக்கு மேல் தூக்கித் தாவுவது ரஷ்யச் சிறுமிகளின் அடையாளமாக இருந்தது. காற்றில் மாறுபட்ட நிலை என்பது தர மதிப்பெண்ணுக்கான எட்டுக் குறிப்புகளில் ஒன்றாக இருந்ததே அதற்குக் காரணம். புதிய ஆறு குறிப்புகளில் அது இல்லை. உயரமும் தூரமும், நல்ல எழுச்சியும் இறக்கமும், சிரமம் தெரியாத ஓட்டம் ஆகிய மூன்றும் இல்லாமல் +4, +5 போட முடியாது. கை தூக்குவது குறைந்து, தாவலின் அளவு பெரிதாக வேண்டிய கட்டாயம் வந்தது. இது நல்ல மாற்றம்.

திரும்பச் செய்யும் விதியின் கதை இதற்கு நேர் எதிர். ஃப்ரீ ஸ்கேட்டில் ஒரே வகைக் குவாட் ஒன்றை மட்டுமே இருமுறை செய்யலாம் என்று 2018இல் கட்டுப்பாடு வைத்தார்கள். குவாட் எண்ணிக்கை குறையும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது என்ன? 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ட்ருசோவா ஐந்து குவாட்கள் செய்தார்: ஃபிளிப், சல்கோ, டோ லூப் ஒவ்வொன்று, லட்ஸ் இரண்டு. ஒரு வகையை மட்டும்தான் திரும்பச் செய்தார், விதி சரியாகக் கடைப்பிடிக்கப்பட்டது. கட்டுப்பாடு ஒரு சிறுமியை நான்கு வகைக் குவாட் கற்க வைத்தது.

பெய்ஜிங் ஃப்ரீ ஸ்கேட் பட்டியலை இந்த விளையாட்டை நேசிக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறை படிக்க வேண்டும். ட்ருசோவாவுக்குத் தொழில்நுட்பப் புள்ளி 106.16, கலைக்கூறு (நிகழ்ச்சியின் கலைத்தரத்துக்கான புள்ளி) 70.97, மொத்தம் 177.13. அன்னா ஷெர்பகோவாவுக்கு இரண்டு குவாட்களுடன் 100.49, 75.26, மொத்தம் 175.75. குவாட்டோ ட்ரிபிள் ஆக்ஸலோ இல்லாமல் ஸ்கேட் செய்த ஜப்பானின் கவோரி சகாமோட்டோவுக்கு 78.25, 75.04, மொத்தம் 153.29. ட்ருசோவாவுக்கும் சகாமோட்டோவுக்கும் தொழில்நுட்பத்தில் வித்தியாசம் 27.91. ட்ருசோவாவின் ஐந்து குவாட்களின் அடிப்படை மதிப்பு 53.2, அதே தாவல்கள் ட்ரிபிள் என்றால் 25.6, வித்தியாசம் 27.6. இரண்டு எண்களும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன பாருங்கள். கலைக்கூறில் சகாமோட்டோவின் முன்னிலையோ வெறும் 4.07.

ஷார்ட் புரோகிராமில் பெண்களுக்குக் குவாட் அனுமதி இல்லை. அதனால்தான் அங்கே ஷெர்பகோவாவின் 80.20க்குப் பக்கத்தில் 79.84 என்று சகாமோட்டோ நிற்க முடிந்தது. ட்ருசோவா அங்கே ட்ரிபிள் ஆக்ஸலில் விழுந்து 74.60 பெற்றார். முழுச் சுற்றுடன் விழுந்த ட்ரிபிள் ஆக்ஸலுக்கு 3.0, தரக் குறைவும் கூடுதலும் இல்லாமல் இறங்கினால் 8.0. அவர் தங்கத்தை இழந்த வித்தியாசம் 4.22. ஷார்ட் புரோகிராமிலும் பெண்களுக்குக் குவாட்டைத் திறந்துவிட வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆண்களுக்கு உண்டு, பெண்களுக்கு ஏன் இல்லை என்பது சமத்துவக் கேள்வியாகத் தோன்றும். இன்றைய நிலையில் அந்தக் கதவைத் திறந்தால் குவாட் இல்லாத வளர்ந்த பெண் போட்டியிடக்கூடிய கடைசி இடமும் போய்விடும்.

கலைக்கூறின் பெருக்கல் காரணியை, அதாவது நடுவர்களின் மதிப்பெண்ணைப் பெருக்கும் எண்ணை, உயர்த்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கட்டுரை முடிவில் ஒரு யோசனை இருக்கிறது. 2022 வரை ஐந்து கூறுகள் இருந்தன, ஃப்ரீ ஸ்கேட்டில் பெண்களுக்குக் காரணி 1.6, ஆண்களுக்கு 2.0. 2022–23 முதல் நிகழ்ச்சி அமைப்பு, வெளிப்பாடு, ஸ்கேட்டிங் திறன் என்று மூன்று கூறுகள், காரணி 2.67, 3.33. பெண்களுக்கான உச்சம் 80இலிருந்து 80.1 ஆனது, அதாவது மாறவில்லை. சரி, பெய்ஜிங் மதிப்பெண்களை ஆண்களின் காரணியில் போட்டுப் பார்ப்போம். சகாமோட்டோவுக்கு 93.80, ட்ருசோவாவுக்கு 88.71. முன்னிலை 4.07இலிருந்து 5.09 ஆகிறது. 28 புள்ளிப் பள்ளத்தை நிரப்ப ஒரு புள்ளி மண். சிக்கல் காரணியில் இல்லை. முன்வரிசைப் போட்டியாளர்கள் எல்லோருக்கும் 8.75க்கும் 9.5க்கும் நடுவே நெருக்கி நெருக்கி மதிப்பெண் போடும் பழக்கத்தில் இருக்கிறது. ஒரே நடுவர் ஒவ்வொரு தாவலுக்கும் தரம் போட்டுக்கொண்டே விளிம்பின் ஆழத்தையும் இசையோடு உள்ள உறவையும் நான்கு நிமிடம் கவனிக்க முடியாது. தரத்துக்கு ஒரு குழு, கலைக்கூறுக்கு ஒரு குழு என்று பிரித்தால் மதிப்பெண்கள் விரியும் என்பது என் உறுதியான கருத்து.

இனி வயது. 2022 ஜூனில் புக்கெட்டில் நடந்த மாநாட்டில், சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 15இலிருந்து 17ஆக உயர்த்தும் தீர்மானம் 100க்கு 16 என்ற வாக்கில் நிறைவேறியது. 2023–24இல் 16, 2024–25 முதல் 17. சீசன் தொடங்கும் ஜூலை 1க்கு முன்பே அந்த வயது நிரம்பியிருக்க வேண்டும். இந்த விதி முன்பே இருந்திருந்தால் 2014 சோச்சியில் யூலியா லிப்னிட்ஸ்கயா இல்லை, 2018இல் ஜாகிடோவா இல்லை, 2022இல் கமிலா வலியேவா இல்லை. மூவரும் அந்தந்த சீசனில் 15 வயதுக்காரர்கள். லிப்னிட்ஸ்கயா 2017இல் உணவுக் கோளாறைச் சொல்லி ஓய்வை அறிவித்தார். ஜாகிடோவா 17 வயதில் போட்டிகளை நிறுத்திவைத்தார். வலியேவாவின் ஊக்கமருந்து வழக்கில் விளையாட்டு நடுவர் மன்றம் 2024 ஜனவரியில், 2021 டிசம்பர் 25 முதல் நான்கு ஆண்டுத் தடை விதித்தது. 15 வயதுப் பிள்ளையைச் சுற்றியிருந்த பெரியவர்கள் அந்த வழக்கில் எவ்வளவு பதில் சொன்னார்கள் என்பது என்னை இன்றும் உறுத்துகிறது.

ஆனால் கட்டுரை சொல்லாமல் விட்ட ஒன்று: ஷெர்பகோவாவும் ட்ருசோவாவும் 2021 ஜூலை 1க்கு முன்பே 17 நிரம்பியவர்கள். 17 வயது விதி இருந்திருந்தாலும் பெய்ஜிங்கில் தங்கமும் வெள்ளியும் அவர்களுக்கே. ஆகவே இது ரஷ்யாவுக்கு எதிரான விதி என்பது பிறந்த தேதிகளைப் பார்த்தாலே நிற்காது. சிரமப்பட்டாவது குவாட்டை 17 வரை கொண்டுவந்தவர்கள் இருந்தார்கள்.

விதிக்கும் உள்நாட்டு நடைமுறைக்கும் உள்ள இடைவெளியையும் பேச வேண்டும். 2018 டிசம்பரில் சரான்ஸ்க் நகரில் நடந்த ரஷ்ய சாம்பியன்ஷிப்பில் முதல் மூன்று இடம் ஷெர்பகோவா, ட்ருசோவா, அல்யோனா கோஸ்டோர்னயா. மூவருக்கும் அந்த சீசனில் சீனியர் சர்வதேசப் போட்டிக்கு வயது இல்லை. ஐந்தாம் இடம் வந்த ஜாகிடோவாதான் 2019 மார்ச்சில் சைதாமாவில் உலகப் பட்டம் வென்றார். நாட்டில் ஐந்தாமவர், உலகில் முதல்வர். 15 வயதுப் பெண்ணை 13 வயதுக் குழந்தையோடு ஒவ்வொரு டிசம்பரிலும் மோதவிட்டால் 16 வயதில் அவர் 'பழையவர்' ஆகிவிடுகிறார். இந்த ஓட்டத்தில் விதிவிலக்காக நின்றவர் எலிசவேட்டா துக்தமிஷேவா. 2015இல் உலகப் பட்டம், 2021 ஸ்டாக்ஹோமில் 24 வயதில் உலக வெள்ளி, அதுவும் ட்ரிபிள் ஆக்ஸலோடு. வளர்ந்த உடம்பின் தசை வலுவால் உயரமாகத் தாவியவர் அவர். அவருக்கு ஒருமுறைகூட ஒலிம்பிக் வாய்ப்பு கிடைக்கவில்லை என்பது ரஷ்யத் தேர்வு முறையைப் பற்றி நிறையச் சொல்கிறது.

2022 மார்ச்சிலிருந்து ரஷ்யர்கள் சர்வதேசப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டு, உள்நாட்டு கிராண்ட் பிரீ தொடரில் ஆடிவந்தார்கள். அங்கே அடெலியா பெட்ரோசியான் குவாட் லூப் செய்தார், பெண்களில் முதலாமவர். 2025 செப்டம்பரில் பெய்ஜிங்கில் நடந்த ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் நடுநிலை வீராங்கனையாக 209.63 புள்ளியுடன் முதலிடம் பெற்றபோது அவருக்கு 18 வயது. பழைய காலமாக இருந்திருந்தால் அந்த வயதில் அவருடைய இடத்தில் இன்னொரு சிறுமி வந்திருப்பார்.

வயது விதியிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஜூனியர் போட்டி 13 வயதிலேயே தொடங்குகிறது, அதன் ஃப்ரீ ஸ்கேட்டில் குவாட்டுக்குத் தடை இல்லை. பழகும் வயது மாறவே இல்லை, பரிசு கிடைக்கும் வயதுதான் தள்ளிப்போயிருக்கிறது. ஜூனியர் பெண்களின் ஃப்ரீ ஸ்கேட்டில் ஒரே ஒரு குவாட்தான் எண்ணப்படும் என்று விதி வந்தால், ஐந்து குவாட் பழகும் தேவையே 13 வயதில் இருக்காது. மீதி நேரம் விளிம்பு, வேகம், சரியான எழுச்சி ஆகியவற்றுக்குப் போகும். 20 வயதில் அவர்களைத் தாங்கப்போவது அவைதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். போட்டி முடிவுகளை வெளியிடும்போது மொத்தப் புள்ளியோடு நிறுத்திவிடாமல், ஃப்ரீ ஸ்கேட்டின் தொழில்நுட்பப் புள்ளி, கலைக்கூறுப் புள்ளி, குவாட்களின் எண்ணிக்கை, போட்டியாளரின் வயது ஆகிய நான்கையும் ஒரு சிறு கட்டத்தில் அச்சிடுங்கள். சங்கம் ஒவ்வொரு போட்டிக்கும் நடுவர் வாரியான பட்டியலை இலவசமாகவே வெளியிடுகிறது. பெயருக்குப் பக்கத்தில் கூறின் குறியீடு, அதையடுத்து அடிப்படை மதிப்பு, தரம், நடுவர்களின் தனித்தனி எண்கள் என்ற வரிசையில் அது இருக்கும். குறியீட்டை ஒட்டி '<' இருந்தால் சுற்று குறைந்தது, 'q' என்றால் சரியாகக் கால் சுற்று குறைந்தது, 'e' என்றால் லட்ஸிலோ ஃபிளிப்பிலோ தவறான விளிம்பு, 'x' என்றால் பிற்பாதிக் கூடுதல். இந்த நான்கு குறிகளின் பொருளையும் கட்டத்துக்குக் கீழே ஒரு வரியில் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஃபிகர் ஸ்கேட்டிங் புள்ளிப் பட்டியல்களைத் தொடர்ந்து படிக்கும் வாசகர்